எதிர்ப்பக்கத்தின் மதிப்பெண்

ஷண்முகப்ரியா என்ன வேலை பார்க்கிறாள் என்பதை மஞ்சூரில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. மளிகைக்கடை ஹாஜா பாய் அவளைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "கம்ப்யூட்டர்ல வார்த்தைக்கு மார்க் போடறனுங்க பாய்" என்று அவளும் சளைக்காமல் சொல்வாள். "இத்தன வருசம் பிள்ளைகளுக்கு மார்க் போட்டீங்க, சரி. இப்ப வார்த்தைக்கேவா? ஏனுங்க டீச்சர், அதுல பாஸ் எத்தன, பெயில் எத்தன?" என்று அவர் கடை அதிரச் சிரிப்பார். அவளும் சிரித்துவைத்துவிட்டு, துவரம்பருப்பைப் பையில் போட்டுக்கொண்டு மேடேறி வீட்டுக்கு வந்துவிடுவாள். அநேக நாட்களில் அவள் மனிதர்களோடு பேசுகிற பேச்சு அதோடு சரி.

அப்பா குந்தா மின்வாரியத்தில் கிளார்க்காக இருந்தவர். பூர்வீகம் கோயமுத்தூர்ப் பக்கம். ரிட்டயர் ஆனதும் கூட வேலை பார்த்தவர்களெல்லாம் மலையைவிட்டுக் கீழே இறங்கிப்போக, அவர் மட்டும் குளிர் பழகிப்போச்சு என்று தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு சின்ன வீட்டை வாங்கிப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினார். அப்புறம் அம்மா படுத்தாள், மகள் பார்த்துக்கொண்டாள். அம்மாவும் போனபோது ப்ரியாவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. பெண் பார்க்க வந்துகொண்டிருந்தவர்கள் எப்போது வராமல் போனார்கள் என்று அவளுக்கே நினைவில்லை. அவள் பாடம் நடத்திய சின்ன இங்கிலீஷ் பள்ளி கொரோனாவில் சாத்தியது, சாத்தியதுதான். திருப்பூரிலிருக்கும் அண்ணன் ஆறுக்குட்டி தீபாவளிக்குத் தீபாவளி போன் செய்து, "அங்க தனியாக் கெடந்து என்ன பண்றே கண்ணு, இங்க வந்துரு" என்பார். எப்போது வருவது என்று அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் இந்த வேலை கிடைத்தது. கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே செய்யலாம். திரையில் ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு வாக்கியங்களில் வரும். ஒன்றில் அது பெயர்ச்சொல், இன்னொன்றில் வினைச்சொல். இரண்டுக்கும் பொருள் எவ்வளவு நெருக்கம் என்று சொல்லவேண்டும். ரொம்ப நெருக்கம் என்றால் ஐந்து, ஒட்டுமில்லை உறவுமில்லை என்றால் ஒன்று. ஹேமர் என்றால் சுத்தியல், அதையே வினையாக்கினால் சுத்தியலால் அடிப்பது. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து போடலாம். புக் என்றால் புத்தகம், வினையாக்கினால் பஸ்ஸில் சீட்டுப் பிடித்துவைப்பது. ஒன்றே அதிகம். ஹஸ்பெண்ட் வந்த அன்று ப்ரியாவே அகராதியைப் புரட்டவேண்டியதாயிற்று. பெயராக இருந்தால் புருஷன், வினையாக இருந்தால் இருப்பதைச் சிக்கனமாகப் பிடித்துச் செலவு செய்வது. "ஆத்தாடி, நல்லவேளை!" என்று சத்தமாகவே சொல்லிச் சிரித்தாள். கேட்க ஆளில்லாத வீட்டில் தன் சிரிப்பு தனக்கே என்னவோபோல் இருக்க, சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

ஒருவர் போட்ட மதிப்பெண்ணைக் கம்பெனி நம்பாது. அதே சொல் இன்னொருவருக்கும் போகும். அவர் எந்த ஊர், ஆணா பெண்ணா, வயதென்ன, எதுவும் தெரியாது. திரையின் இடது பக்கம் 'நீங்கள்' என்றிருக்கும், வலது பக்கம் 'எதிர்ப்பக்கம்' என்றிருக்கும், அவ்வளவுதான். இரண்டு மதிப்பெண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அடுத்த சொல் வந்துவிடும். ரொம்ப விலகிப்போனால் மட்டும் கீழே ஒரு பெட்டி திறக்கும். அதில் இரண்டு பேரும் அவரவர் காரணத்தைத் தமிழிலேயே எழுதி, பேசி, ஒரு முடிவுக்கு வரவேண்டும். பேர், ஊர், போன் நம்பர் எழுதினால் வேலை போய்விடும். சொல்லின் பொருளைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

முதல்முதலாகப் பெட்டி திறந்தது சால்ட் என்ற சொல்லுக்கு. உப்பு, உப்புப் போடுவது. இதிலென்ன சந்தேகம் என்று ப்ரியா ஐந்து போட்டாள். எதிர்ப்பக்கம் இரண்டு போட்டிருந்தது. ஏதோ அரைகுறை என்று நினைத்துக்கொண்டேதான் காரணத்தைப் படித்தாள்.

'உப்பு பாட்டுக்கு டப்பாவுல கெடக்குது. போடறதுன்னு வந்துட்டா யாருக்குன்னு ஒண்ணு வேணும். நான் இப்ப ஒருத்தருக்குத்தான் சமைக்கிறேன். கை மட்டும் இன்னும் நாலு பேருக்குப் போடுது. கரிச்சுக் கரிச்சுக் கீழ கொட்டறேன்.'

ப்ரியா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு அவள் விரல்கள் தாமாகவே தட்டின. 'எனக்கு ரசம் அப்படித்தாங்க ஆகுது. வெச்சா மூணு வேளைக்கும் அதுவே.' அனுப்பிய பிறகுதான் பகீரென்றது. இது பொருளைப் பற்றிய பேச்சுதானா? அவசர அவசரமாக, 'அதனால நான் நாலுக்கு எறங்கி வர்றேன்' என்று சேர்த்தாள். 'நான் மூணுக்கு ஏறி வர்றேன்' என்று பதில் வந்தது. சந்தையில் பேரம் படிந்த மாதிரி இரண்டு பேருக்கும் ஒரு திருப்தி.

அதற்கப்புறம் அவ்வப்போது பெட்டி திறந்தது. வாட்டர் வந்தபோது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது பற்றி எதிர்ப்பக்கம் எழுதியது: 'எங்க பக்கம் கொழாயில தண்ணி வர்றதே என்னிக்கோ ஒரு நாள். பாத்திரம் கழுவுன தண்ணியத்தான் செடிக்கு ஊத்தறது. ரெண்டும் ஒரே தண்ணியா சொல்லுங்க?' ப்ரியா பதிலுக்கு, 'எங்க பக்கம் செடிக்குத் தண்ணி ஊத்தற வேலையே கெடையாதுங்க. மானம் பாத்துக்கும். மழை எப்ப நிக்கும்னுதான் நாங்க பாக்கறது' என்று எழுதினாள். நர்ஸ் வந்தபோது எதிர்ப்பக்கம், 'நர்ஸ் வேலைக்குச் சம்பளம் உண்டு, லீவு உண்டு. நான் ஊட்டுல ஒருத்தர வெச்சுப் பாத்தேன், அதுல ரெண்டும் கெடையாது. முடிஞ்சப்புறம் கை சும்மா இருக்கறதுதான் பெரிய கஷ்டம்' என்று எழுதியது. அம்மா போனதற்குத் துக்கம் கேட்க எத்தனையோ பேர் வந்தார்கள். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்றார்கள், இனி நீயாவது நிம்மதியாக இரு என்றார்கள். உன் கை இப்போது என்ன செய்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. 'என் கையும் சும்மாதாங்க இருக்குது' என்று எழுதிவிட்டு, அன்றைக்கு அவள் நன்றாக அழுதாள்.

இங்கேதான் ஒரு வம்பு வந்து சேர்ந்தது. பேசப் பேச ஒருவர் மனம் இன்னொருவருக்குப் பிடிபட்டுப் போகுமா, இல்லையா? எதிர்ப்பக்கம் எதற்கு எப்படி யோசிக்கும் என்று ப்ரியாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கமும் அப்படித்தான் போலிருக்கிறது. இரண்டு பேரின் மதிப்பெண்ணும் ஒன்றாகவே விழ ஆரம்பித்தது. மூன்றுக்கு மூன்று, நான்குக்கு நான்கு. பெட்டி திறப்பதே நின்றுபோனது. கம்பெனியிலிருந்து 'அருமையான ஒற்றுமை' என்று பாராட்டு வேறு. பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய? சொல் வரும், மதிப்பெண் போடுவாள், அடுத்த சொல் வரும். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி தேயிலைச் சரிவை முழுங்கிவிட்டு வாசல்வரை வந்து நிற்கும். பஸ் எங்கோ வளைவில் முக்கி முனகி ஏறுகிற சத்தம் மட்டும் கேட்கும். ஒரு வாரமாகத் தன் குரலையே கேட்கவில்லை என்று ஒரு நாள் அவளுக்கு உறைத்தது.

அடுத்து வந்த சொல் கோம். சீப்பு, தலைவாருவது. குழந்தைகூட ஐந்து போடும். ப்ரியா ஒன்று போட்டாள்.

போட்டுவிட்டு, திருடிவிட்டவளைப்போல் உட்கார்ந்திருந்தாள். பெட்டி திறந்தது. காரணம் எழுதவேண்டுமே! 'சீப்பு கையில இருந்தும் தல வாராத நாள் இருக்குதுங்களே' என்று எழுதினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. 'அட, அதுவும் நியாயந்தான். ஆனா வாருங்க. பாக்க ஆளில்லைன்னாலும் தல வாரிக்கங்க.' ப்ரியா எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நின்று தலையைப் பிரித்து, எண்ணெய் வைத்து, நேர்வகிடெடுத்துப் பின்னிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அதன் பிறகு கேட்கவேண்டுமா? ருசி கண்டுவிட்டாள். ஐந்துக்கு ஒன்று போட்டாள், ஒன்றுக்கு ஐந்து போட்டாள். எல்லாவற்றுக்கும் அல்ல, பேசத் தோன்றுகிற சொற்களுக்கு மட்டும். ஹாஜா பாய்கூடக் கண்டுபிடித்துவிட்டார். "என்னங்க டீச்சர், மொகத்துல வெளிச்சம் தட்டுது? அண்ணன் ஊட்டுல விசேசமா?" என்றார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க பாய். இப்பெல்லாம் வார்த்தைக்கு பெயில் மார்க் போடறேன்" என்றாள். "போடுங்க, போடுங்க! நீங்க பெயில் போட்டாத்தான் அதுங்களுக்குப் புத்தி வரும்" என்று அவர் ஒரு வெல்லத்துண்டை எடுத்து நீட்டினார்.

கம்பெனியிலிருந்து வந்த மெயில்தான் அவளை உலுக்கியது. இரண்டு பக்கத்துக்கும் போன மெயில். இந்த ஜோடியின் மதிப்பெண்கள் திடீரென்று ஒத்துப்போகவில்லை. ஒருவர் கவனக்குறைவாக வேலை செய்கிறார். இருவரும் விளக்கம் அனுப்பவும். அதன்பேரில் ஒருவர் நீக்கப்படுவார்.

தன் வேலை போனால் போகட்டும், அரைவயிறு கஞ்சிக்கு அப்பாவின் வீடும் தோட்டத்துக் கீரையும் இருக்கிறது என்று ப்ரியாவுக்கு ஒரு கணம் தைரியம் வந்தது. அடுத்த கணமே, வேலை போனால் அந்தப் பெட்டியும் போகும் என்பது புரிந்தது. எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பேர்கூடக் கிடையாது. எங்கே போய்த் தேடுவது? அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. அந்தப் பக்கம் இருப்பவரை நீக்கிவிட்டால்? தண்ணீர் வராத ஏதோ ஓர் ஊரில், ஒருத்தருக்கு மட்டும் சமைத்துக்கொண்டு, இந்த வேலையை நம்பி உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள். ஒரு தப்பும் செய்யாத ஆள். 'தவறு என்னுடையது, வேண்டுமென்றே செய்தேன்' என்று தட்டினாள். அனுப்பும் பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு அனுப்பலாம் என்று மூடிவைத்தாள். மறுநாள் அவலாஞ்சிப் பக்கம் மழை கொட்டியதில் கரண்ட் போயிற்று. கரண்ட் வந்த பிறகு, இனிமேல் ஒழுங்காக மதிப்பெண் போட்டால் அவர்களே மறந்துவிடுவார்கள் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். கோழைத்தனம், வேறென்ன?

ஒழுங்காகத்தான் போட்டாள். நியாயமான மதிப்பெண், எதிர்ப்பக்கமும் அதே மதிப்பெண், வாயைத் திறக்காத திரை. எத்தனை நாள் தாங்குவாள், பாவம்! ஹவுஸ் என்ற சொல் வந்தது. வீடு. வினையாக்கினால் ஒருவருக்கு இடம் கொடுத்துத் தன்னுள் வைத்துக்கொள்வது. அந்தக் கொட்டகை இரண்டு மாடுகளை வைத்திருக்கிறது என்று வாக்கியம். நான்கு போடவேண்டிய இடம். ப்ரியா வீட்டை ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள். அப்பாவின் நாற்காலி, மடக்கிவைத்த அம்மாவின் கட்டில், கொடியில் ஒரே ஓர் ஆளின் துணி. ஒன்று போட்டாள்.

'ஊடு எங்கிட்ட இருக்குதுங்க. அந்த இன்னொண்ணுதான் இல்ல' என்று காரணம் எழுதினாள்.

வெகு நேரம் பதில் வரவில்லை. அவள் எழுந்து அடுப்பில் டீ வைத்துவிட்டு வந்து பார்த்தபோது வந்திருந்தது.

'நீங்க மனசுக்குள்ள நாலு போட்டது எனக்குத் தெரியும். சீப்புக்கு அஞ்சு போட்டதும் தெரியும். தப்பா எடுத்துக்காதீங்க, பெட்டி தெறக்கறப்பல்லாம் எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு.'

ப்ரியாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்குமேல் ஒரு சந்தோஷம். அகப்பட்டுக்கொண்டதில் இப்படியொரு சந்தோஷம் இருக்குமா என்ன! என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல், 'நாலுக்கு வந்துட்டனுங்க' என்று மட்டும் எழுதினாள். இன்றைக்கே கம்பெனிக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். அதற்குள் டீ பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அதைத் துடைத்தாள், விளக்கேற்றினாள், நாளைக்குக் காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடலாம் என்றாகிவிட்டது.

காலையில் முதல் சொல்லுக்கே பெட்டி திறந்தது. ஆவலாகப் படித்தாள். 'அகராதிப்படி மதிப்பெண் மூன்று. விதிமுறையைப் பார்க்கவும்' என்றிருந்தது. 'நீங்கதானுங்களா?' என்று எழுதினாள். 'சொல்லுக்குத் தொடர்பில்லாததை எழுதவேண்டாம்' என்று பதில் வந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். அங்கேதான் போனில் நாலு வார்த்தை அறுபடாமல் பேசமுடியும். கம்பெனியில் இந்த வேலையை மேற்பார்க்கும் தீபக் என்பவருடைய நம்பர் அவளிடம் இருந்தது. வேலையில் சேர்ந்த அன்று பேசியதோடு சரி.

"சொல்லுங்க மேடம்" என்றார் தீபக்.

"எனக்கு எதிர்ப்பக்கம் இருந்தவங்க எங்கீங்க?"

"அவங்கள எடுத்தாச்சுங்க மேடம். நீங்க கவலப்படாதீங்க, உங்க பேர்ல ஒண்ணும் இல்ல. அவங்களே எழுதிட்டாங்க. மதிப்பெண்ணெல்லாம் கவனமில்லாமப் போட்டது நாந்தான், எதிர்ல இருக்கறவங்க போட்டதுதான் சரி, அவங்கள ஒண்ணும் பண்ணிராதீங்கன்னு."

ப்ரியா பஸ் நிறுத்தத்தின் சிமெண்ட் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். பையோடு நின்ற இரண்டு பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொய்யிங்க" என்றாள். "அவங்க பொய் சொல்லிருக்காங்க. தப்பாப் போட்டதெல்லாம் நாந்தானுங்க. தெரிஞ்சே போட்டேன்."

"என்னுங்க மேடம் சொல்றீங்க? எதுக்கு?"

"பேசறதுக்கு" என்றாள். அதற்குமேல் அலங்காரமாகச் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. "மதிப்பெண் வெலகுனாத்தானுங்களே பெட்டி தெறக்கும். எனக்குப் பேச ஆளில்ல, அதான் அப்படிப் பண்ணிட்டேன். அவங்கள மறுபடி சேத்துக்கங்க."

"சேத்துக்கலாமுங்க" என்றார் தீபக் தயங்கித் தயங்கி. "ஆனா நீங்க இத எழுத்துல குடுக்கணும். குடுத்தா உங்கள எடுத்துருவாங்க. ரெண்டு பேரையும் ஒண்ணா வெக்க மாட்டாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம், நான் ஒண்ணும் கேக்கலைன்னே வெச்சுக்கறேன்."

"யோசிச்சு யோசிச்சுத்தானுங்க அவங்க வேல போச்சு. இப்பவே அனுப்பறேன்."

அங்கேயே உட்கார்ந்து அனுப்பினாள். இத்தனை நாள் பயந்த அந்தப் பொத்தான் ஒரு தொடுதலில் போய்ச் சேர்ந்தது. வந்துவிட்டது என்று தீபக் சொன்னார். அவரிடம் ஒன்று மட்டும் கேட்டாள். "அவங்ககிட்ட, நாந்தான் சொன்னேன்னு சொல்லுவீங்களா? பேர் வேண்டாமுங்க. எதிர்ப்பக்கம் சொன்னாங்கன்னு மட்டும்."

"அது முடியாதுங்க மேடம். ரூல்ஸ் அப்படி."

"சரிங்க" என்றாள். போனை வைக்கப் போனவளை அவர் நிறுத்தினார்.

"மேடம், இருங்க. இதக்கூட நான் சொல்லக்கூடாது. அவங்க அனுப்புன விளக்கத்துல கடைசியா ஒண்ணு எழுதியிருந்தாங்க. எதிர்ல இருக்கறவங்களுக்குப் புது ஆள் போடறப்ப, கொஞ்சம் பேசற ஆளாப் பாத்துப் போடுங்கன்னு."

ப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது.

"அப்படி ஆள் எங்ககிட்ட யாரும் இல்லீங்க மேடம்" என்றார் தீபக்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அது அவருக்குத் தெரியாது என்பது நினைவில்லாமல், மறுபடியும் ஆட்டினாள்.